ஒடுக்கு எடுத்த பிறகே விற்கப்படும்

காலி
பெப்ரவரி 6

இனோகாவின் அப்பாவுக்கு,

நேற்று மாலை ஐந்து மணிக்கு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறி வந்தேன். வழியெல்லாம் மதில்கள்தான். இரண்டு டிரைவர்களும் ஒன்றில்கூட மோதவில்லை. இதை உங்கள் கவனத்துக்குச் சொல்லி வைக்கிறேன்.

கோபத்தில் போயிருக்கிறாள், நாலு நாளில் தானாகத் திரும்பிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நினைப்பு வேண்டாம். போயா பௌர்ணமி தினத்தில், ஊரே வெள்ளை உடுத்தி விகாரை வாசலில் நிற்கிறது. மடியில் தாமரைத் தட்டோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வெள்ளையடித்த ஐந்தடி மதிலில் கொண்டுபோய்க் காரைச் சொருகினீர்கள். அதைக்கூட மன்னித்திருப்பேன். இறங்கிப் போய்ப் பெரிய தேரரிடம் என்ன சொன்னீர்கள்? "சாமி, இந்த மதில் இங்க இருக்கவே கூடாது. என் வரைபடத்துல இது இல்ல." தேரர் சிரித்தார். எனக்குத்தான் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நில அளவையாளராக முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர் நீங்கள். மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வரைபடத்தில் இல்லாத மதில்களும் நாட்டில் இருக்கின்றன. மனிதர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே கேளுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் அந்த மொரிஸ் கார் நம் வீட்டை விட்டுப் போகவேண்டும். போகாவிட்டால் நான் வரமாட்டேன். சுபநேரத்தில் அடுப்பை நீங்களே பற்றவையுங்கள், பாலை நீங்களே பொங்கவையுங்கள், பாற்சோற்றை நீங்களே வெட்டி நீங்களே ஊட்டிக்கொள்ளுங்கள். விற்கிற வரைக்கும் சாவியைத் தொடவும் கூடாது.

பருப்பு மேல்தட்டில் இருக்கிறது. கருவாட்டைப் பூனைக்கு எட்டாமல் வையுங்கள்.

சோமலதா


கேகாலை
பெப்ரவரி 14

அன்புள்ள சோமலதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசகங்களில் சில கடுமையாக இருந்தாலும் பரிசீலித்தேன். காரை விற்க எனக்கு ஆட்சேபணை இல்லை. வார்த்தை கொடுத்தாயிற்று.

ஆனால் முப்பத்தாறு வருடம் நம் குடும்பத்தைச் சுமந்த வாகனத்தை இன்றைய கோலத்தில் அந்நியன் முன்னால் நிறுத்த முடியாது. நேற்று அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முழுக் காரையும் பரிசோதித்தேன். மொத்தம் ஏழு பழுதுகள். முன்பக்க வலது மட்கார்டில் நாலரை அங்குல ஒடுக்கு, அது மதில் சம்பந்தப்பட்டது. டிரைவர் கதவில் இரண்டடி மூன்று அங்குலச் சிராய்ப்பு, காளை மாட்டின் கொம்பு. பொனட்டில் சாஸர் அளவுக்கு ஒரு குழி, தேங்காய். பின்கதவில் இனோகா சைக்கிள் பழகியபோது விழுந்த ஒடுக்கு. முன்பம்பர் ஓர் அங்குலம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்பம்பரில் கிணற்றுச் சுவரின் சுண்ணாம்பு. பிறகு பின்பக்க இடது விளக்கு.

இவற்றைச் சரிசெய்த பிறகே விற்பனை விளம்பரம் கொடுப்பது முறை. ஒடுக்கு எடுக்கும் டிங்கர் வேலைக்கு நம் மேஸ்திரி ஜினதாச பாஸைக் கேட்டிருக்கிறேன். "மாத்தையா, புதுப் பொண்ணு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். "புதுப் பொண்ண அவசரப்படுத்தலாமா?" என்கிறார். நல்ல வேலைக்காரர்களின் லட்சணம் அது.

நான் சௌக்கியம். பருப்பும் பாண் ரொட்டியும் சாப்பிடுகிறேன். கருவாடு இப்போது இல்லை. பூனையும் சௌக்கியம்.

பியதிலக


காலி
பெப்ரவரி 22

இனோகாவின் அப்பாவுக்கு,

ஒரு வேலையும் செய்யவேண்டாம். கழுவுங்கள், மெழுகு போட்டுத் துடையுங்கள், வாசலில் நிறுத்துங்கள். போதும்.

உங்கள் கடிதத்தை மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். ரோஹண எதற்கும் சத்தமாகப் பேசாத பிள்ளை, அவரே கையெடுத்துக் கும்பிட்டார். "அத்தை, பழைய கார் வாங்குறவன் ஒடுக்கப் பார்த்துப் பயப்படமாட்டான். புதுப் பெயின்ட்டப் பார்த்தாத்தான் பயப்படுவான். எங்கயோ பலமா அடிபட்டிருக்கு, பூசி மறைச்சிருக்காங்கன்னு நினைப்பான். கம்பெனிச் சாயம் அப்படியே இருந்தா அதுக்குத்தான் மதிப்பு. மாமாவ எதையும் தொடவேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

தெருவில் போகிற கிழவிக்குப் பவுடர் பூசி மணவறையில் உட்காரவைக்கிற வேலை நமக்கு வேண்டாம். மொரிஸுக்கு அதன் வயது தெரியட்டும்.

இன்னொரு விஷயம். ஏழு பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். போயா தினத்தன்று காலையில் அந்தக் காரைத் துடைத்தவள் நான். மதிலில் மோதிய பிறகு சுற்றி வந்து பார்த்தவளும் நான். ஆறுதான் இருந்தது. பின்பக்க இடது விளக்குக்கு என்ன ஆயிற்று?

சோமலதா


கேகாலை
மார்ச் 4

அன்புள்ள சோமலதாவுக்கு,

விளக்கு பற்றி விசாரித்திருந்தாய். கார் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பலாக்காய் ஒன்று விழுந்துவிட்டது. இயற்கையின் செயல்.

மற்றபடி ஒரு நல்ல செய்தி. விளம்பரமே கொடுக்காமல் ஓர் ஆள் வந்தார். சேனாதீர என்று மாவனல்லையில் கணக்கு ஆசிரியர். காரைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். கதவை நாலு தடவை திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சிராய்ப்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "அசல் சாயம்! மாத்தையா, இப்படியே குடுத்துடுங்க. நாளைக்கே வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

நான் மறுத்துவிட்டேன். கோபப்படாதே. முழுவதும் படி. முப்பத்துநான்கு வருடத்தில் அரைகுறையான வரைபடம் ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஏழு பழுதுள்ள காரை எப்படி என் கையால் கொடுப்பேன்? "ஒடுக்கு எடுத்த பிறகே விற்கப்படும்" என்று சொல்லி, அதையே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கேட்டிலும் மாட்டிவிட்டேன். ஆசிரியர் அட்டையை நின்று வாசித்தார். "வாங்குறவனே வேணாங்கிறான், விக்கிறவரு ஒடுக்க எடுக்கிறேங்கிறாரே" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நாளை முதல் ஜினதாச பாஸ் வேலையைத் தொடங்குகிறார்.

பியதிலக


காலி
மார்ச் 13

இனோகாவின் அப்பாவுக்கு,

காதில் பூச்சுற்ற முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் கல்யாணத்தின்போதே பழகியிருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு வரவில்லை.

பலாமரம் அடுக்களைக்குப் பின்னால் நிற்கிறது. கார்க் கொட்டகை வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. அந்தப் பலாக்காய் கூரைமேல் ஏறி, முன்வாசலில் இறங்கி, பம்பரைத் தாண்டி, செங்குத்தாக நிற்கிற விளக்கில் பக்கவாட்டில் விழுந்ததா? வீட்டின் வரைபடத்தை வரைந்தவரே நீங்கள்தான். கூச்சமாக இல்லையா?

நீங்கள் ஓட்டுகிறீர்கள். நான் இல்லாத நேரத்தில் தினமும் ஓட்டுகிறீர்கள். விற்கிற எண்ணமே உங்களுக்கு இல்லை. ஒடுக்கு எடுக்கிறேன், ஒடுக்கு எடுக்கிறேன் என்று நாளைக் கடத்துகிறீர்கள். ஜினதாச பாஸ் ஒன்றை எடுத்தால் நீங்கள் ஒன்றைப் போடுகிறீர்கள். இப்படியே போனால் அவருடைய பேரன் காலத்திலும் அந்தக் கார் விற்பனைக்குத் தயாராகாது.

கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அறுத்து எடுக்கவேண்டும் என்று கண் டாக்டர் போன வருடமே சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைப் பஞ்சாங்கத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருக்கிறீர்கள். நான் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்தீர்கள்.

எனக்கு அந்தக் கார்மேல் பகை இல்லை. மூன்று பிள்ளைகளைப் பெற அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். ஒருநாள் கேட்டுக்கு வெளியே போலீஸ்காரன் நிற்பான். உங்களுக்கு ஒன்று என்று சொல்ல வந்திருப்பான், அல்லது உங்களால் யாரோ வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று சொல்ல வந்திருப்பான். இரண்டில் எது என்று அவன் வாயைத் திறக்கும்வரை நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் அங்கே இல்லாமல் இங்கே இருக்கிறேன்.

சோமலதா


கேகாலை
மார்ச் 24

அன்புள்ள சோமலதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் எழுத நாள் ஆகிவிட்டது.

தினமும் ஓட்டவில்லை. சந்தைக்கு இரண்டு தடவை போனேன். தபாலாபீசுக்கு ஒரு தடவை, நீ போன வாரமே, உனக்கு எழுத உறையும் முத்திரையும் வாங்க. விளக்கு தபாலாபீஸ் தூணில்தான் உடைந்தது. பலாக்காய் என்று எழுதியது தவறு. திருத்தம் செய்துகொள்.

டிங்கர் வேலை முடிந்தது. ஒடுக்குகளில் பட்டிப் பசை அப்பி, தேய்த்து, மழமழவென்று ஆக்கிவிட்டார். ஆசிரியருக்கு ஆள் அனுப்பினேன். இந்தத் தடவை அவர் தனக்குத் தெரிந்த டிங்கர் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் பேசவே இல்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்தார். விழுந்தது. கதவில் வைத்தார். விழுந்தது. பொனட்டில் வைத்தார், அங்கும் விழுந்தது. "இரும்பு எங்க மாத்தையா?" என்று கேட்டார். அவர் பேசியது அந்த ஒன்றுதான். ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வை, நான் பரீட்சையில் காப்பியடித்து அகப்பட்ட மாதிரி இருந்தது.

ரோஹண சொன்னதே சரி. மருமகனிடம் சொல்லாதே.

நாளைக் கடத்துகிறேன் என்கிறாய். அது உண்மைதான். இந்த மாவட்டத்தில் நான் சங்கிலி பிடித்து அளக்காத நிலம் இல்லை. ஒரு மேட்டைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை அடி என்று சொல்வேன், கருவியும் அதையே சொல்லும். இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் மட்டும்தான் நான் பழைய பியதிலக. சாவியைக் கொடுத்தால் வராந்தாவில் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து, யார் வருகிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கிழவன். அதற்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும் சோமா.

பட்டி தெரியாமலிருக்க முழுக் காருக்கும் பெயின்ட் அடித்தாக வேண்டும். இந்தப் புத்தாண்டில் அடுப்பு மூட்டும்போது உடுத்தச் சுபமான நிறம் பச்சை என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. ஆகவே பச்சை.

பியதிலக


காலி
ஏப்ரல் 3

இனோகாவின் அப்பாவுக்கு,

பச்சை உடுத்தச் சொன்னது மனிதர்களுக்கு. காருக்கு அல்ல.

கொண்டைப் பணியாரத்துக்கு மாவு இடித்துவிட்டோம். பேரப்பிள்ளைகள் தாத்தா வருவாரா என்று கேட்கிறார்கள். கார் போனால் தாத்தாவும் பாட்டியும் அங்கே, போகாவிட்டால் பாட்டி இங்கே என்று சொன்னேன். சின்னவன், "அப்ப கார் போகவேணாம் பாட்டி" என்கிறான். உங்கள் பக்கம் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கிறான்.

கொஞ்சம் நாள் என்கிறீர்கள். தருகிறேன். பதின்மூன்றாம் தேதி வரைக்கும் நாள் இருக்கிறது. அதற்குமேல் என் கையிலும் இல்லை.

சோமலதா


கேகாலை
ஏப்ரல் 11

அன்புள்ள சோமாவுக்கு,

ஒரு சிறு சிக்கல். ஜினதாச பாஸ் ஒன்பதாம் தேதி சுபநேரம் பார்த்துப் பெயின்ட் வேலையை ஆரம்பித்தார். வலப்பக்கம் முழுவதும் முடித்தார். நேற்று மத்தியானம் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, புத்தாண்டுக்கு ஊருக்குக் கிளம்பினார். "பாஸ், பாதியில விட்டுட்டுப் போறீங்களே!" என்று கேட்டேன். "மாத்தையா, புண்ணிய காலத்துல எந்த வேலையும் கையில இருக்கக் கூடாது. வேலைக்குத் திரும்ப இருபத்தோராம் தேதி காலை ஆறு நாற்பத்தெட்டுக்குத்தான் நேரம் இருக்கு. அதுக்கு முன்னாடி தொட்டா உங்க காருக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது" என்றார். பஞ்சாங்கத்தைத் திறந்து சரிபார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது.

ஆகவே கார் இப்போது டிரைவர் பக்கம் பச்சை, உன் பக்கம் பழைய சாம்பல். விகாரைச் சந்தியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கார் போவதும் வேறொரு கார் வருவதுமாகத் தெரியும்.

இந்த நிலையில் யாரும் வாங்கப் போவதில்லை. நீ வராமல் நான் அடுப்பு மூட்டப் போவதும் இல்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளை விடியற்காலை புறப்பட்டுக் காலிக்கு வருகிறேன், உன்னை அழைத்துப் போக. மெதுவாகத்தான் வருவேன். இந்தக் கடிதம் கிடைக்கும்போது நான் உன் எதிரில் நின்றுகொண்டிருப்பேன்.

பியதிலக


கேகாலை
ஏப்ரல் 17

சோமா,

நான் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி ஆறு மணிக்குப் புறப்பட்டேன். பஸ் டிரைவர்கள் ஹார்ன் அடித்தார்கள், காரின் நிறத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். வரக்காப்பொலைக்குக் கொஞ்சம் முன்னால் இடது ஓரத்தில் ஒரு மைல்கல் தெரிந்தது. வெள்ளையாக, நேராக. அந்தச் சாலையில் எந்த மைல்கல் எங்கே என்று எனக்கு மனப்பாடம். அந்த இடத்தில் ஒன்று கிடையாது. புதிதாக நட்டிருக்கிறார்கள், அதுவும் தப்பான இடத்தில் நட்டிருக்கிறார்கள், மேலிடத்துக்கு எழுதிப்போட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே அதை ஒட்டி ஓட்டினேன். அப்போது மைல்கல் குடையை விரித்தது.

பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா. உன் வயது இருக்கும். பம்பருக்கும் அவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எனக்குத் தெரியாது. நான் அளக்கவில்லை.

பொனட்டில் குடையால் ஓங்கி ஓர் அடி வைத்தார். "யோவ்! உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கத்தினார்.

"தெரியலம்மா" என்றேன்.

இன்னும் நிறையத் திட்டுவதற்கு மூச்சை இழுத்திருந்தார். திட்டாமல் குடையை மடக்கினார். நான் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அழுதேன். உன்னிடம் சொல்லாததை, டாக்டரிடம் ஒப்புக்கொள்ளாததை, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் நடுச்சாலையில் சொல்லியிருக்கிறேன்.

அவரே என்னைப் பக்கத்துப் பலகாரக் கடையில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "பேரப்புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார். மூன்று என்றேன். "அப்ப மூணு பாக்கெட் எள்ளுருண்டை வாங்கிட்டு பஸ்ஸுல வீட்டுக்குப் போங்க. இந்த ரெண்டு கலர் வண்டிய இங்கயே விட்டுடுங்க. எவனும் திருடமாட்டான்" என்றார். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டு ஏறினேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பதினைந்தாம் தேதி ஆசிரியர் வீட்டுக்கு நானே பஸ்ஸில் போனேன். புத்தாண்டுப் பலகாரம் தந்தார்கள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பட்டி எங்கெல்லாம் இருக்கிறது, அதற்கடியில் எந்த ஒடுக்கு இருந்தது, எதனால் விழுந்தது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இடது பக்கமாவது அசல் சாயம்தானே?" என்றார். அன்றே போய்ப் பலகாரக் கடைவாசலிலிருந்து காரை ஓட்டிப் போனார். மேற்கொண்டு ஒரு ரிப்பேரும் செய்யாமல் கொடுத்துவிட்டேன். என்ன விலை என்று கேட்காதே. முதல் தடவை அவர் சொன்னதில் பாதி.

பதினான்காம் தேதி சுபநேரத்தில் அடுப்பை நானே மூட்டினேன். பால் பொங்கவில்லை, அடிப்பிடித்தது.

உன் நிபந்தனை புத்தாண்டுக்கு முன். விற்றது புத்தாண்டுக்கு அடுத்த நாள். இரண்டு நாள் பிந்திவிட்டது. ஆகவே வா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

பியதிலக


காலி
ஏப்ரல் 20

என்னங்க,

புத்தாண்டு விடுமுறை முடிந்து தபால்காரர் இன்றுதான் வந்தார். இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார். நான் பதினோராம் தேதிக் கடிதத்தை முதலில் பிரித்தேன். நாளை விடியற்காலை புறப்படுகிறேன் என்று நீங்கள் எழுதி ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. இரண்டாவது கடிதத்தை என்னால் பிரிக்க முடியவில்லை. உறையில் உங்கள் கையெழுத்துதான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை. இனோகா பிரித்து முதல் வரியை வாசித்த பிறகுதான் உட்கார்ந்தேன். அவள் வாசிக்க வாசிக்க, மைல்கல் குடையை விரித்த இடத்தில் ரோஹண சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் பிந்தியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாஸுக்கே நாளைக்குத்தான் வேலை நேரம். எனக்கு மட்டும் புத்தாண்டு முடிந்துவிட்டதா?

இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். கண் டாக்டரின் சீட்டை எடுத்து வையுங்கள், வந்ததும் அங்கேதான் போகிறோம். பால் அடிப்பிடித்த பானையைத் தேய்க்கவேண்டாம், நீங்கள் தேய்த்தால் பானை ஓட்டையாகும். எள்ளுருண்டையைப் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிறீர்களா, இல்லை கருவாட்டின் கதிதானா?

மூன்று மணி பஸ்ஸில் கேகாலை பஸ் நிலையத்தில் இறங்குவேன். கூட்டமாக இருக்கும். பலகையைப் படிக்க வேண்டாம், ஒவ்வொரு பஸ்ஸாகத் தேடி அலைய வேண்டாம், என் சேலையின் நிறம் என்ன என்று யோசிக்கவும் வேண்டாம். குடையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக அசையாமல் நில்லுங்கள். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

சோமா